பூசத்தால் பிந்திய ஹகிஸ்

ஸ்கொட்லாந்துக்காரர் ஒவ்வொரு வருடமும் ஜனவரி 25ஆம் திகதி இரவு, ஆட்டின் இரைப்பைக்குள் ஈரல், இதயம், சுவாசப்பை எல்லாவற்றையும் அரிந்து திணித்து அவித்து, அதற்கு முன்னால் நின்று கவிதை படித்து, விஸ்கியோடு சாப்பிடுவார்கள். அந்தச் சாப்பாட்டின் பெயர் ஹகிஸ். 2024இல் அந்த 25ஆம் திகதி ஒரு வியாழக்கிழமை. எங்கட பஞ்சாங்கத்தில் அன்று தைப்பூசம். அரசாங்க நாட்காட்டியில் துருத்து போயா. ஆக, வீட்டில் மச்சம் இல்லை, சந்தையில் இறைச்சிக்கடை பூட்டு, நாடு முழுக்கச் சாராயக்கடையும் பூட்டு. ஹகிஸ் செய்ய இதைவிடத் தோதில்லாத ஒரு நாளைத் தேடினாலும் கிடைக்காது.

அந்த நாளில்தான் எங்கட அத்தான் கிளிநொச்சி உருத்திரபுரத்து வளவில் ஹகிஸ் அவிக்கப்போவதாக நின்றார். அத்தான் என்றால் அக்காவின் மனுசன். கிளாஸ்கோவில் இருப்பவர். பொங்கலுக்கு வந்து மாதக் கடைசியில் திரும்புகிற லீவு. வரும்போதே விஸ்கிப் போத்தலும் மனதுக்குள் முழுத் திட்டமும் கொண்டுவந்திருந்தார். "பூசத்தில புது அரிசிப் புதிர் எடுக்கிற வீட்டில குடலும் கொழுப்புமோ?" என்று அம்மா ஒரே கேள்வியில் கதையை முடித்துவிட்டா. மறுநாள் வெள்ளி, வழமைபோல மரக்கறி. மிஞ்சியது சனிக்கிழமை 27ஆம் திகதி.

நாள் தப்புகிறதே என்று அத்தானுக்குக் கொஞ்சம் மனக்குறை. பிறகு அவரே ஒரு கதை சொல்லித் தேறிக்கொண்டார். இந்த விருந்து ரொபேர்ட் பேர்ன்ஸ் என்ற கவிஞரின் பிறந்தநாளுக்கு. 1759இல் பிறந்து 1796இல், 37 வயதில் செத்துப்போன ஒரு விவசாயி மகன். முதல் விருந்து பிறந்தநாளில் நடக்கவே இல்லை. 1801 ஜூலை 21ஆம் திகதி, அவரின் ஐந்தாவது நினைவு நாளில், அவர் பிறந்த அலொவே கிராமத்து வீட்டில் நண்பர்கள் கூடிச் சாப்பிட்டார்கள். அன்றைக்கு ஹகிஸோடு ஆட்டுத்தலையும் இருந்தது. அதற்குப் பிறகு கிறீனொக் என்ற துறைமுகப் பட்டினத்து வியாபாரிகள் பிறந்தநாள் கொண்டாடுகிறோம் என்று 1802இல் ஜனவரி 29ஆம் திகதி விருந்து வைத்தார்கள். அடுத்த வருடம் தேவாலயப் பதிவைப் பார்த்தபோதுதான் சரியான நாள் 25 என்று தெரிந்தது. "அவங்களே நாலு நாள் பிந்தினவங்கள். நாங்கள் ரெண்டு நாள்தானே" என்றார் அத்தான். அம்மாவுக்கு இந்த வரலாறு தேவையாக இருக்கவில்லை.

ஹகிஸைப் பற்றி அத்தான் முதலில் எங்கட வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்னது வேறு கதை. அது மலைச்சரிவில் ஓடித் திரிகிற ஒரு சின்ன மிருகமாம். சரிவிலேயே வாழ்வதால் ஒரு பக்கத்துக் கால் கட்டையாம், மற்றப் பக்கத்துக் கால் நீளமாம். வருகிற உல்லாசப் பயணிகளிடம் ஸ்கொட்லாந்துக்காரர் முகத்தில் சிரிப்பில்லாமல் சொல்லுகிற புளுகு இது. பிள்ளைகள் முழுசாக நம்பி, "உடும்பு மாதிரிப் பிடிக்கிறதோ, பொறி வைக்கிறதோ?" என்று கேட்டார்கள். காட்டுக்கரைப் பிள்ளைகளுக்கு இப்படியான கதை சொன்னால் கேள்வி அந்தத் திசையில்தான் வரும்.

அத்தான் தன் முதல் ஹகிஸைச் சாப்பிட்டது கவிதையோடு இல்லை. கிளாஸ்கோவில் வேலை முடிந்து நடுச்சாமத்தில் வருகிறபோது, மீன் பொரிக்கிற கடையில். அங்கே 'சப்பர்' என்று சொன்னால் கூடவே உருளைக்கிழங்குப் பொரியல் வரும். மீன் சப்பர், சொசேஜ் சப்பர், ஹகிஸ் சப்பர். நீளமாக உருட்டிய ஹகிஸை மாக்கரைசலில் தோய்த்து எண்ணெயில் பொரித்துத் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். அவர் அதை ஒரு வகை ரோல்ஸ் என்று நினைத்துக் கடித்தாராம். கடித்த பிறகு, "இது ஆட்டு ஈரல் எல்லோ!" என்று நின்ற இடத்திலேயே ஊர் ஞாபகம் வந்துவிட்டதாம். அந்த ஞாபகத்தின் கடனைத் தீர்க்கத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை விடிய, பக்கத்து வளவில் பங்கு இறைச்சி போட்டார்கள். ஆட்டுக்குக் காசு போட்டவர்களுக்கு இறைச்சி பங்கு பங்காகப் பிரிபடும்; தலை, கால், குடல், இரத்தம் எல்லாம் தனிக் கதை. முந்தி இவற்றுக்குப் போட்டி இருக்கும். எங்கட அப்பாச்சி இரத்தத்தைச் சட்டியில் உறைய விட்டு, அவித்து உதிர்த்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டு வறுத்தால் அந்த மணத்துக்கே ஒரு கோப்பை சோறு கூட இறங்கும். இப்போது கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு இறைச்சி என்றால் புரொயிலர் கோழி. குடல் வேண்டும் என்று நாங்கள் கேட்டபோது ஆடு உரித்த அண்ணை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "முழுசாவே கொண்டு போங்கோ" என்று தந்துவிட்டார். ஸ்கொட்லாந்தில் செம்மறி, எங்களுக்குக் கிடைத்தது வெள்ளாட்டுக் கிடாய்.

குடல் கழுவுவது அரைநாள் வேலை என்று சமைத்தவர்களுக்குத் தெரியும். இரைப்பையை வெட்டிக் கொட்டி, வாய்க்கால் தண்ணீரில் அலசி, சுடுதண்ணீரில் தோய்த்து, உள்பக்கத்துக் கறுப்புத் தோலைக் கத்தியால் சுரண்டி, உப்பும் தேசிக்காயும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, பிறகும் மணந்து பார்த்து, திரும்பவும் தேய்க்க வேண்டும். அத்தான் ஸ்கொட்லாந்தில் இதை ஒருநாளும் செய்ததில்லை. அங்கே இப்போது பெரும்பாலும் செயற்கை உறைக்குள் அடைத்துக் கடையில் விற்கிறார்கள். 1984இல் இருந்து பருப்பும் மரக்கறியும் வைத்த சைவ ஹகிஸ்கூட எடின்பரோவில் இருந்து வருகிறது. அதனால் உண்மையான பழைய முறைப்படி கழுவித் தந்தது கிளாஸ்கோக்காரர் இல்லை, அம்மாதான்.

ஈரல், இதயம், சுவாசப்பை மூன்றையும் மூச்சுக்குழாயோடு ஒன்றாக அவிக்க வேண்டும். மூச்சுக்குழாயின் நுனியைப் பானை விளிம்புக்கு வெளியே தொங்க விடுவார்கள். உள்ளிருக்கும் நுரையும் அழுக்கும் அதால் வடிந்துவிடும். இந்தச் சூட்சுமம் அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. "மூளை பாவிச்சிருக்கிறாங்கள்" என்றா. அமெரிக்காவில் 1971இல் இருந்து சுவாசப்பையைச் சாப்பாட்டில் சேர்க்கத் தடை. அதனால் அசல் ஹகிஸ் அங்கே போக முடியாது. இதைச் சொன்னபோது, "பிறகென்னத்துக்கு ஆடு வெட்டுறாங்கள்?" என்று குசினிக்குள் இருந்து கேள்வி வந்தது.

அவித்ததைப் பொடியாகக் கொத்தி, குண்டிக்காயைச் சுற்றி இருக்கும் கொழுப்பை அரிந்து சேர்த்து, வெங்காயம், உப்பு, நிறைய மிளகு, அவித்த தண்ணீர் கொஞ்சம். இவ்வளவையும் பிடித்து வைப்பது வறுத்த ஓட்ஸ். இங்கே ஓட்ஸ் என்றால் சீனி வருத்தக்காரருக்கு டொக்டர் எழுதித் தருகிற சாப்பாடு. சுப்பர் மார்க்கெட்டில் அது தட்டையாக நசித்த அவல் போல ஒன்றாகத்தான் கிடைக்கிறது. ஸ்கொட்லாந்தில் பாவிப்பது குறுணல். அதை மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி, சட்டியில் வாசம் வரும்வரை வறுத்தோம். இரைப்பைக்குள் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பக் கூடாது, ஓட்ஸ் ஊதும். சாக்குத் தைக்கிற ஊசியால் வாயைத் தைத்து, அங்கங்கே குத்தி, கிடாரத்தில் போட்டு, மூன்று மணித்தியாலம் மெல்லிய நெருப்பில் விட்டது. குத்தாமல் விட்டால் வெடிக்கும் என்று அத்தான் பயமுறுத்தியதில் பிள்ளைகள் எல்லாம் கிடாரத்தைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். வெடிக்கவில்லை என்பதில் அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம்.

மிச்சக் கலவையை அம்மா சும்மா விடவில்லை. இரண்டு கரண்டி கறித்தூள், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ போட்டு உதிர்த்து, நீத்துப்பெட்டியில் வைத்து அவித்துவிட்டா. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரவு முற்றத்தில் மேசை போட்டோம். விருந்துக்கு ஒரு முறை இருக்கிறது. பைக்குழல் ஊதுகிறவர் முன்னால் வர, சமையல்காரர் தட்டில் ஹகிஸை ஏந்தி வருவார். எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். எங்களிடம் பைக்குழலுக்குப் பதில் போனும் சின்ன ஸ்பீக்கரும். அந்தச் சத்தத்துக்கு அயலில் நாய்கள் எல்லாம் குரைக்கத் தொடங்கின. தட்டை ஏந்தி வர அம்மா மறுத்துவிட்டா. பெரியப்பாதான் தோளில் துவாயோடு ஏந்தி வந்தார். பெரியப்பா அந்தக் காலத்தில் முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து ஆடியவர். எதைத் தூக்கினாலும் அவருக்கு நடை தானாக வந்துவிடும்.

பிறகு அத்தான் கத்தியோடு எழும்பிப் பேர்ன்ஸின் கவிதையைச் சொன்னார். 1786இல் எழுதினது. எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அது இங்கிலீசும் இல்லை, ஸ்கொட்லாந்துப் பேச்சு. ஹகிஸைப் பார்த்து, நீதான் இந்த இனத்துக்கே தலைவன் என்கிற மாதிரிப் புகழ்ந்து, பிரெஞ்சுச் சமையல் தின்கிறவனைச் சோணங்கி என்று நக்கலடித்து, உன்னைத் தின்கிறவன் நடந்தால் நிலம் அதிரும், அவன் கையில் வாள் விசிலடிக்கும் என்று போகிறது. இடையில் ஒரு கட்டத்தில் கத்தியால் சதக் என்று குத்த வேண்டும். குத்தினார். ஆவி பறந்தது. பெரியப்பாவுக்கு அது போதவில்லை. "குத்துறதெண்டால் இப்பிடியே?" என்று கத்தியை வாங்கி, கூத்து மெட்டில் வாயில் வந்ததைப் பாடி, ஒரு சுற்றுச் சுற்றி இன்னொரு குத்துக் குத்தினார். சனம் அதற்குத்தான் கை தட்டியது.

ருசி? ஈரல் போட்டுப் பிசைந்த குரக்கன் புட்டு மாதிரி இருந்தது. மிளகு தொண்டையில் நிற்கும். கொழுப்பு நாக்கில் தங்கும். ஓட்ஸ் ஒரு கொட்டைப் பருப்பு வாசம் தரும். எனக்கு உண்மையாகவே பிடித்தது. மிளகாய் உறைப்பு இல்லாததால் பிள்ளைகளிடம் எடுபடவில்லை. கூட வைக்க வேண்டியது மசித்த உருளைக்கிழங்கும் மசித்த ஒரு மஞ்சள் கிழங்கும். அந்தக் கிழங்கு இங்கே இல்லாததால் மரவள்ளியும் பூசணியும் மசித்தோம். மரவள்ளி நல்ல பொருத்தம். பூசணியை யாரும் தொடவில்லை, நானும் தொடவில்லை.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு ஓடியது வேறு யோசனை. இது ஏழையின் சாப்பாடு. நல்ல இறைச்சி காசுக்காரர் வீட்டுக்குப் போன பிறகு மிஞ்சினதில், கெதியில் பழுதாகிற பாகங்களை அன்றைக்கே சமைத்து முடிக்கக் கண்டுபிடித்த வழி. இப்படி ஒரு சமையல் ஆடு வளர்க்கிற எல்லாச் சனத்திடமும் இருக்கிறது, எங்களிடமும் இருக்கிறது. அவர்களிடம் அது தப்பிப் பிழைத்துப் பணக்கார விடுதிகளின் மேசை வரைக்கும் போனது ருசியால் இல்லை. ஒருவர் அதற்கு முன்னால் நின்று வெட்கமில்லாமல் ஒரு கவிதை எழுதினார். அவரின் நண்பர்கள் அதற்கு ஒரு திகதி கொடுத்தார்கள். எங்கட குடல்கறியையும் இரத்த வறையையும் விருந்தாளி வந்தால் பின்னுக்கு ஒளிக்கிறோம். பெரிய சாப்பாட்டுக் கடைகளில்கூட அவற்றைக் காண்பது அரிது.

சாப்பாட்டுக்கு ஒரு திகதி இருந்தால் என்ன நடக்கும் என்று வன்னிக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 2009இல் யுத்தத்தின் கடைசியில் முள்ளிவாய்க்காலில் சனத்தின் உயிரைப் பிடித்து வைத்திருந்த உப்புக்கஞ்சியை மே 18ஐ ஒட்டிய கிழமையில் ரோட்டோரத்தில் காய்ச்சிப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கொடுக்கிறோம். அரிசியும் தண்ணீரும் உப்பும்தான். இந்த விருந்து நடந்து நாலாவது மாதம், சம்பூரில் அந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள். அவ்வளவு பலம் அதற்கு. ஆனால் பொங்கல் மாதிரிப் பண்டிகைச் சாப்பாட்டை விட்டால், எங்களிடம் இருக்கிற திகதிச் சாப்பாடு துக்கத்தின் சாப்பாடு. சிரித்துக்கொண்டு சாப்பிடுகிற ஒன்றுக்கும் ஒரு திகதி இருக்கலாம் என்பது என் ஆசை. ஒடியல் கூழுக்குக் கொடுக்கலாம். இரத்த வறைக்குக் கொடுத்தால் எங்கட அப்பாச்சி சந்தோசப்பட்டிருப்பா.

சரி, விஸ்கிக்கு வருவோம். அத்தான் கொண்டுவந்தது கரிப்புகை மணக்கிற வகை. பார்லியை முளைக்க வைத்து, காய்ச்சுவதற்கு முதல், சதுப்பு நிலத்தில் வெட்டி எடுத்த புல்கரியை எரித்து அந்தப் புகையில் உலர்த்துவார்கள். பெரியப்பா மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய், "ஆஸ்பத்திரி மணக்குது" என்று வைத்துவிட்டார். அவருக்குத் தென்னங்கள்ளு தனியாக ஒழுங்கு செய்திருந்தோம். தையில் பனங்கள்ளு இன்னும் தாராளமாக வராது. பிளாவில் ஊற்றித்தான் குடிப்பார். ஹகிஸுக்குக் கள்ளு எப்படி என்றால், விஸ்கியைவிடத் திறம். புளிப்பு கொழுப்பை வெட்டும். அத்தான் இதை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டாவது பிளாவைத் திருப்பி அனுப்பவும் இல்லை. எனக்கு அக்கா சில்வர் பேணியில் கொஞ்சம் விஸ்கி ஊற்றிக் குசினிக்குள் தந்தா. முதலில் தொண்டை எரிந்தது. பிறகு, அடுப்படிப் புகையில் வளர்ந்தவளுக்கு அந்த மணம் அந்நியமாக இருக்கவில்லை.

விஸ்கியும் ஒரு காலம் கசிப்புத்தான். 18ஆம் நூற்றாண்டில் வரிக்குப் பயந்து மலை இடுக்குகளில் ஒளித்துக் காய்ச்சினார்கள். 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது அவருக்கே களவாகக் காய்ச்சின கிளென்லிவெட் சரக்குத்தான் போனது என்பார்கள். அடுத்த வருடம் சட்டத்தை மாற்றி, பத்துப் பவுண் கட்டினால் அனுமதி என்றார்கள். 1824இல் கிளென்லிவெட்டில் ஜோர்ஜ் ஸ்மித் அனுமதி எடுத்தபோது, களவாகக் காய்ச்சிய அயலவர்கள் அவரைக் கொல்லப் பார்த்தார்கள். இடுப்பில் துவக்கோடு திரிந்தார். இன்று ஸ்கொட்லாந்தில், ஓக் பீப்பாவில் குறைந்தது மூன்று வருடம் கிடந்தால்தான் அதற்கு விஸ்கி என்று பெயர் வைக்கலாம். கள்ளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. காலையில் இறக்கினால் பின்னேரத்துக்குள் புளித்துவிடும். தவறணைக்கும் மதுவரிச் சட்டத்துக்கும் இடையில் சீவல் தொழிலாளி ஓடித்தான் பிழைக்க வேண்டும்.

இந்தக் கதையின் உச்சம் என்னவென்றால், விஸ்கியைப் பாடின பேர்ன்ஸே 1789இல் இருந்து மதுவரி உத்தியோகத்தர். வருடத்துக்கு ஐம்பது பவுண் சம்பளம். களவுச் சாராயம் பிடிக்கக் குதிரையில் டம்ஃபிரீஸ் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றினார். அந்த உத்தியோகத்திலேயே இருந்துகொண்டு, மதுவரிக்காரனைப் பேய் தூக்கிக்கொண்டு போவதாக ஒரு பாட்டும் எழுதினார். பெரியப்பா இதைக் கேட்டதும் பிளாவை இறக்கி வைத்தார். "மதுவரிக்காரனோ? அவன்ர பேரிலயே இவ்வளவு நேரமும் குடிச்சனாங்கள்?"

இப்படிச் சிரித்து எழுதினாலும், எங்கட இடத்தில் மதுவைப் பற்றி எழுத கை கொஞ்சம் தயங்கும். கசிப்பு எத்தனை வீட்டைத் தின்றது என்று தெரியும். அந்த வருடக் கடைசியில் கிளிநொச்சி மதுபானசாலை அனுமதிப்பத்திரங்கள் பாராளுமன்றம் வரைக்கும் போய் நாறின. ஸ்கொட்லாந்தும் விதிவிலக்கில்லை, குடிச்சாவு கூடிப்போய், 2018 மே மாதத்தில் மதுவின் ஒரு அலகுக்கு 50 பென்ஸுக்குக் கீழே விற்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். அத்தான் அன்றைக்கு ஒரு போத்தலோடு நிறுத்தியது நல்லது. அடுத்த போத்தல் எடுக்க ஆள் அனுப்பலாம் என்று ஒரு குரல் வந்தது; அம்மா பார்த்த பார்வையில் அது அடங்கியது.

விருந்தின் கடைசிப் பகுதியில் ஆண் ஒருவர் எழும்பிப் பெண்களை வாழ்த்திப் பேச வேண்டும். பிறகு பெண் ஒருவர் பதில் சொல்ல வேண்டும். அத்தான் நன்றாகத்தான் பேசினார். பதில் சொல்ல எழும்பியது ஹலோவில் மிதிவெடி எடுக்கிற மச்சாள். ஹலோ ட்ரஸ்ட் 2002இல் இருந்து வடக்கில் வேலை செய்கிறது. முகமாலையில் முழங்காலில் நின்று மண்ணைக் கிண்டிய பெண்கள் பலர் எங்கட ஊர்களில் இருக்கிறார்கள். அந்த நிறுவனத்துக்குத் தலைமையகம் ஸ்கொட்லாந்தின் தோர்ன்ஹில் என்ற சின்ன ஊரில். பேர்ன்ஸ் 1788இல் குத்தகைக்கு எடுத்து உழுத எலிஸ்லண்ட் தோட்டமும் அதே நித் ஆற்றுப் பள்ளத்தாக்கில்தான். அத்தானே இதை அன்றைக்குத்தான் போனில் பார்த்து அறிந்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தால், கவிஞரின் அயலூர் ஒன்றின் சம்பளத்தில்தான் எங்கட மச்சாள் வீடு கட்டினவ. அவவின் பதிலுரை சின்னது. "வாழ்த்துக்கு நன்றி. கிடாரம் கிணத்தடியில கிடக்கு. கழுவிப்போட்டு வந்து மிச்சத்தைப் பேசுங்கோ." அத்தானும் பெரியப்பாவும் போனார்கள். உண்மையாகவே கழுவினார்கள்.

நீத்துப்பெட்டி விசயத்தைச் சொல்ல வேண்டும். அம்மாவின் கறித்தூள் ஹகிஸை மேசைக்கு வந்த உடனேயே பிள்ளைகள் உட்பட எல்லாரும் முடித்துவிட்டார்கள். அத்தானின் அசல் ஹகிஸில் பாதி மிஞ்சியது. ஞாயிறு காலை அம்மா அதை வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையோடு தாளித்து உருட்டி, ரஸ்க் தூளில் புரட்டிக் கட்லட் பொரித்தா. கிளாஸ்கோ இந்தியச் சாப்பாட்டுக் கடைகளில் ஹகிஸ் பகோடா விற்கிறார்களாம். இது அதைவிட நல்லம் என்று அத்தான் போனில் படம் எடுத்துக்கொண்டார். தேத்தண்ணியோடு ஏழெட்டுக் கட்லட் சாப்பிட்ட பெரியப்பா, ஓட்ஸ் போட்டதால் சீனிக்கு ஒன்றும் செய்யாது என்று தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். பூசத்துக்கு எடுத்த புது அரிசியில் அடுத்த உலையை வைத்துக்கொண்டே அம்மா கேட்டா: "அந்த மூச்சுக்குழாயை வெளியில விடுறது குடல்கறிக்கும் செய்யலாம் எல்லோ?"